இடங்காது, வலங்காது

கரட்டடிக் காலனியில் எல்லோருடைய காதிலும் வெட்டு விழுந்த அன்று காலை குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால், அதை யாரும் உடனே கவனிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், வந்தாலும் ஒரு மணி நேரம் நிற்காத தண்ணீர், அதைப் பிடிப்பதா காதைப் பார்ப்பதா? குடங்களெல்லாம் நிறைந்து, சண்டையெல்லாம் முடிந்து, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தபோதுதான் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "ஏ, ஒங் காதுல என்னாடி?" என்றாள். மற்றவள், "எங் காதுல ஒண்ணுமில்ல, ஒங் காதுலதான்" என்றாள். அதன்பிறகு தெரு முழுக்க ஆளுக்கு ஆள் அடுத்தவர் காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். தாம்பூலத்துக்கு எடுக்கும்போது வெற்றிலை நுனியைக் கிள்ளிப் போடுவோமே, அந்த அளவுக்குக் காதின் மேல் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை, தலையணையில் கறையும் இல்லை. வெட்டின ஓரம் பல வருஷம் முன்பே ஆறிப்போனதுபோல வழுவழுவென்று இருந்தது. பாதிப் பேருக்கு இடது காதில், பாதிப் பேருக்கு வலது காதில். இரண்டிலும் வெட்டு உள்ளவர் யாருமில்லை. இரண்டிலும் இல்லாதவர்கள் பால்குடிப் பிள்ளைகள் மட்டும்தான்.

தவசிலிங்கத்துக்கு இடது காதில். சவரக் கண்ணாடியில் அதைப் பார்த்ததும் அவனுக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். தன் கைவேலையைத் தன் மேலேயே பார்த்துவிட்ட வெட்கம். காலனிக்கு மேலே கரட்டுச் சரிவில் இருக்கும் ஆராய்ச்சிக் கழகத்தின் எலி வீட்டில்தான் அவனுக்கு வேலை. அங்கே வெள்ளை எலிகள், அண்ணனையும் தங்கையையும் இணை சேர்த்துச் சேர்த்தே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒன்றைப் போலவே இன்னொன்று என்று அச்சடித்தாற்போல ஆக்கிவைத்த எலிகள், மனிதருக்கு வருகிற சர்க்கரையையும் வலிப்பையும் புற்றையும் மனிதருக்குப் பதிலாக வாங்கிக்கொள்வதற்கென்றே பிறந்து, உமிப் படுக்கையில் புரண்டு, அந்தந்த வேளை வந்ததும் செத்தன. குட்டி பால் மறந்ததும் அதைத் தாயிடமிருந்து பிரித்து, நகவெட்டி அளவுக்கு இருக்கும் ஒரு கருவியால் காதில் வெட்டுப் போடுவது தவசியின் பொறுப்பு. இடது காது ஒரு கூட்டம், வலது காது ஒரு கூட்டம். ஒன்றுக்கு மருந்து, மற்றதுக்கு வெறும் தண்ணீர். எது எதுவென்று தவசிக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அவனை அறியாமலே ஒரு பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

அவன் மனைவி பாண்டீஸ்வரிக்கு வலது காதில் விழுந்திருந்தது. மடியில் கிடந்த மகள் தாரிகாவுக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. பாண்டீஸ்வரி பிள்ளையின் காதுகளை மாற்றி மாற்றி முத்தமிட்டாள்.

எலி வீட்டுக்குப் பெரிய அதிகாரி டாக்டர் உமையாள். கழகத்து வளாகத்திலேயே தனியாகக் குடியிருக்கும் அந்த அம்மாளுக்கும் வலது காதில் வெட்டு. அன்றைக்கு அவர் வேலைக்குப் போகாமல் காலனியை ஒரு சுற்றுச் சுற்றி, வருகிறவர் போகிறவர் காதையெல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் எலி வீட்டு வாசலில் தவசியைக் கூப்பிட்டார்.

"தவசி, கவனிச்சீங்களா? ஒரு வீட்ல அண்ணன் தம்பி இருந்தா ஒருத்தர் இடது, ஒருத்தர் வலது. வயசானவங்க ரெண்டு பக்கமும் சரிபாதி. சர்க்கரை உள்ளவங்க சரிபாதி. குடிக்கிறவங்ககூட சரிபாதி. யாரோ ரொம்ப நல்லா யோசிச்சுப் பிரிச்சிருக்காங்க."

குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அவருடைய ஆராய்ச்சிகளில் அப்படிச் சரிபாதியாக ஒருநாளும் அமைந்ததில்லை.

"எதுக்கு மேடம்?" என்றான் தவசி.

"நம்ம எலிக்கு எதுக்குன்னு என்னிக்காவது நாம சொல்லியிருக்கோமா?" என்று கேட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஊர் அதை எப்படி வாங்கிக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் வாங்கிக்கொள்ளவில்லை? சுகாதாரத் துறை வண்டி வந்து எல்லோருக்கும் டி.டி. ஊசி போட்டு, காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். சாக்கடை அடைப்பைப் பற்றிய செய்திக்குக் கீழே சின்னதாகப் போட்டார்கள், அதிலும் யார் காது என்றே தெரியவில்லை. காலனியை விட்டே போய்விடலாம் என்று மூட்டை கட்டியவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிற பிள்ளைகளும் அதே விடியலில் அதே வெட்டோடு எழுந்திருந்ததை செல்போனில் பார்த்ததும், மூட்டையை அவிழ்த்து உலை வைத்தார்கள். எங்கே போனாலும் இந்த ஊர்க்காரன் இந்த ஊர்க்காரன்தான் என்பது ஒருவகையில் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லைக்காளியின் கல் காதிலும் வெட்டு விழுந்திருப்பதைப் பூசாரி மூன்றாம் நாள் அபிஷேகத்தின்போது பார்த்தார். இடது காது. அவர் மாலையைச் சற்றே ஏற்றிப் போட்டு மறைக்கப் பார்த்தார், ஆனால் எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? பொழுது சாய்வதற்குள் இடது காதுக்காரர்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். ஆத்தாளே நம்ம பக்கம் என்று ஒரு வாரம் வெடிகூடப் போட்டார்கள். அப்புறம் யாரோ ஒருவர், டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆத்தாளுக்கும் போட்டுட்டாங்கன்னா, அப்ப நாம யார்கிட்டப் போய் மொறையிடுறது?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

பள்ளிக்கூடத்துத் தமிழையா, பழைய காலத்தில் இடங்கை வலங்கை என்று சாதிகள் இரண்டாய்ப் பிரிந்து தேர் ஓட்டுவதற்கும் செருப்புப் போடுவதற்கும் அடித்துக்கொண்டதை வகுப்பில் சொன்னார். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தன. அதிலிருந்து இடங்காது, வலங்காது என்றே பேராகிவிட்டது. ரேஷன் கடையில் யாரும் சொல்லாமலே வரிசை இரண்டானது. டீக்கடையில் பெஞ்சு இரண்டானது. பெண் பார்க்க வருகிறவர்கள் பத்துப் பொருத்தத்தோடு காதுப் பொருத்தமும் கேட்டார்கள். ஆனால் இடதுக்கு இடதைக் கட்டுவதா, இடதுக்கு வலதைக் கட்டுவதா என்று யாராலும் முடிவாகச் சொல்ல முடியாததால், பேச்சுவார்த்தை பாதியில் நின்ற கல்யாணங்கள் அநேகம். நகை செய்கிற மகாலிங்க ஆசாரி வெட்டை மறைக்கிற மாதிரி ஒரு தங்கப் பூவைச் செய்து மாட்டிவிட்டார், அது எடுப்பாக இருக்கிறதென்று பக்கத்து ஊர்ப் பெண்கள், காதில் ஒரு குறையும் இல்லாதவர்கள், கேட்டு வாங்கிப்போனார்கள்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. யாரோ எதையோ கொடுக்கிறார்கள், பாதிப் பேருக்குக் கொடுக்கிறார்கள், எந்தப் பாதிக்கு என்று தெரியாது, கொடுப்பது நல்லதா கெட்டதா என்றும் தெரியாது. குழாய்த் தண்ணீரில் கலக்கிறார்கள் என்றார்கள், ரேஷன் பருப்பில் என்றார்கள், கரட்டிலிருந்து இறங்குகிற காற்றில் என்றார்கள். இடங்காதில் ஒரு கிழவர் செத்தால் வலங்காதுக்காரர்கள் வெளியே தெரியாமல் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த மாதம் வலங்காதில் ஒருவர் செத்து அந்தப் பெருமூச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார். யாருக்காவது அரசாங்க வேலை கிடைத்தால் முதலில் காதைப் பார்த்தார்கள். யாராவது இருமினாலும் காதைப் பார்த்தார்கள்.

தவசிக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எலி வீட்டுக் கதவை அவன் திறக்கிறபோது, கூண்டு கூண்டாகக் கொறித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிற அத்தனை எலிகளும் ஒரே நொடியில் அப்படியே நின்றுவிடும், மூக்கு மட்டும் மேலே தூக்கியிருக்கும், அவன் எந்தக் கூண்டையும் தொடாமல் நகர்ந்த பிறகுதான் பழையபடி சத்தம் எழும். இப்போது காலனியிலும் சில மத்தியானங்களில் அது வந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தம், டிவி சத்தம், ஆட்டோ சத்தம், புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். அம்மியில் கை நிற்கும், வாய்க்குப் போன சோற்றோடு கை நிற்கும், முகங்கள் லேசாக மேலே தூக்கும். அப்புறம் ஏதோ கடந்துபோனதுபோல எல்லாம் மறுபடி ஓடும். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை, கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொள்வதில்லை.

எந்தப் பாதிக்கு எதைக் கொடுக்கிறார்களோ என்ற பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் பாண்டீஸ்வரி. ஒருநாள் சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து பாதிச் சோற்றை அள்ளி அவன் தட்டில் போட்டு, அவன் தட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

"என்னா பண்ற?"

"உங்களுக்குக் குடுக்குறது மருந்துன்னா எனக்கும் பாதி வரட்டும். எனக்கு வெசம்னா உங்களுக்கும் பாதி வரட்டும். தனியா எதுக்குச் சாகணும்?" என்று சொல்லிவிட்டு, புளிக்குழம்பில் உப்பு கம்மியா என்று கேட்டாள்.

அவள் குழாயடியில் சொன்னாள், குழாயடி ஊருக்குச் சொன்னது. சாயங்காலமானால் இடங்காது வீட்டுக் கிண்ணம் வலங்காது வீட்டுக்கும், வலங்காது வீட்டுக் கிண்ணம் இடங்காது வீட்டுக்கும் போக ஆரம்பித்தது. ஒரே வீட்டில் இரண்டு காதும் இருந்தால் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை நீட்டினார்கள். ரேஷன் வரிசை பழையபடி ஒன்றானது. அன்பினாலா என்றால் இல்லை, பயத்தினால்தான். ஆனால் பசிக்கிற வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? டாக்டர் உமையாள் இதைக் கேள்விப்பட்டு, "இப்படிக் கலந்து சாப்பிட்டா அவங்களுக்கு ரிசல்ட்டே வராதே" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாரம் அவரே ஒரு கிண்ணத்தில் ரவா உப்புமாவோடு தவசியின் வாசலில் வந்து நின்றார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனுஷி, பாவம், அவருக்கும் மாற்றிக்கொள்ள ஒரு கிண்ணம் வேண்டியிருந்தது.

ஆக, பெரியவர்களுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. பிள்ளைகள் விஷயம்தான் வேறு.

வெட்டு விழுந்த நாளில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும், அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்கும் காது முழுசாக இருந்தது. எலி வீட்டில் பால் மறந்த பிறகுதான் வெட்டு என்பதைக் கழகத்தில் கூட்டிப் பெருக்குகிறவர்கள் யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். கரட்டடிக் காலனியில் எந்தத் தாயும் பால் மறக்கடிப்பதில்லை என்றாகிவிட்டது. பல் முளைத்து, நடை பழகி, வாய் கிழியப் பேசுகிற பிள்ளைகள், பால்வாடியிலிருந்து மணியடித்து வந்ததும் தாயின் முந்தானைக்குள் புகுந்தன. தாய்மார்கள் கடி வாங்கினார்கள், காய்ச்சல் கண்டார்கள், கண்ணுக்குக் கீழே கருத்துப் போனார்கள். ஆனாலும் சாயங்காலம் தெருவில் உட்கார்ந்து பிள்ளைகளின் காதைத் தடவிப் பார்த்து, "பாரு, எலை மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி எல்லோருக்கும் மேலே. தாரிகாவுக்கு இரண்டரை வயதாகியும் அவள் விடவில்லை. இது தப்பிச்சிரும், இது ஒண்ணாவது தப்பிச்சிரும் என்று சாமி பேரைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே பால் கொடுப்பாள்.

தவசி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பான். ஏனென்றால் எலி வீட்டில் குட்டிகள் பால் மறக்கிற நாளில், தேவைப்படுகிற அளவுக்குத்தான் வெட்டுப் போடுவார்கள். மிச்சம் வருகிற குட்டிகளுக்கு வெட்டும் இல்லை, கூண்டும் இல்லை, தீனிக் கணக்கும் இல்லை. அவற்றை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, மூடி, மூச்சடைக்கிற வாயு உள்ள சிலிண்டரின் திருகைத் திருப்புவதும் தவசியின் வேலைதான். வலிக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். சிறிதுநேரம் ஓடும், அப்புறம் தூங்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னதில்லை, பாண்டீஸ்வரியும் கேட்டதில்லை. பிள்ளையின் முழுக் காதைப் பார்க்கும்போதெல்லாம் ஊருக்கு அது தப்பித்ததாகத் தெரிந்தது, அவனுக்கு மட்டும் அது மிச்சமாகத் தெரிந்தது. தூங்குகிற மகளின் காது விளிம்பை விரலால் தடவிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வான்.

முதலில் பால் மறந்த பிள்ளை சர்வேஷ். அவன் அம்மா முத்துப்பேச்சி வேறு வழியில்லாமல் அவனைத் தன் அக்காளிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனதால் மறந்தது. ஊரே அவன் காதைத் தினமும் பார்த்தது. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, ஒரு மழைக்காலம் போயிற்று, வெட்டு விழவில்லை. பயல் தப்பித்தான் என்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார்கள். கடைக்காரர்கள் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். கழகத்தில் வேலை பார்க்கிறவர்கள் மட்டும் அவனைத் தூக்கும்போது சிரிக்காமல் இருந்தார்கள்.

அடுத்த மழைக்கு ஊரில் டெங்கு வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, டாக்டர்கள் உட்காராமல் பார்த்தும் சர்வேஷ் போய்விட்டான். காரணம் தெளிவாக இருந்தது, கொசு, காய்ச்சல், தட்டணுக்கள் இறங்கிவிட்டன, யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிய ஒவ்வொருவரின் கையும், முகத்தைத் துடைக்கிற சாக்கில், அந்தக் காதுகளைத் தொட்டுப் பார்த்தது. இரண்டு காதும் முழுசாக இருந்தன. முத்துப்பேச்சியின் அழுகை திருப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தொடங்கி, ஊருக்குள் வந்து, எல்லா வீட்டுச் சுவரிலும் முட்டியது.

துக்க வீட்டிலிருந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பாண்டீஸ்வரி, ஈரக் கூந்தலோடு வந்து தவசியின் முன்னால் உட்கார்ந்தாள். வெயில் நடு வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தாரிகா ஒரு எவர்சில்வர் டம்ளரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அங்க வெட்டுப் போடாத குட்டிய என்னா செய்வீங்க?"

தவசி டம்ளரைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்குறேன். தனியா வச்சு வளப்பீங்களா? கரட்டுல விட்டுருவீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டம்ளர் உருண்டு வந்து அவன் காலில் இடித்து நின்றது. பாண்டீஸ்வரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது.

"நீங்களா செய்வீங்க? உங்க கையாலயா?"

"ம்."

அவள் எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. சமையலறை வாசலில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, "எங்கண்ணனுக்குப் போன் போடுங்க. வார ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்துன்னு சொல்லுங்க. அந்தக் கருவியக் கொண்டாந்துருங்க" என்றாள். அவளை இவ்வளவு நாள் ஏமாற்றியது தெருக்காரர்களோ எலி வீடோ இல்லை, தான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் என்று தவசிக்கு அப்போது உறைத்தது. அந்த வெட்கத்தில் அவனுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அவன் கருவியைத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைக்கும்போது டாக்டர் உமையாள் பார்த்துவிட்டார். அவன் அப்படியே நின்றான்.

"ஆட்டோகிளேவ்ல ஆவி காட்டி, கிருமி போக்கி எடுத்துட்டுப் போங்க. பச்சப் புள்ள" என்றார் அவர். பிறகு, "எந்தப் பக்கம் போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்."

"சீட்டுக் குலுக்கிப் போடுங்க தவசி. மனசுக்குப் பிடிச்ச பக்கம் போட்டா அது சரியா வராது. நமக்குத்தான் தெரியுமே."

"மேடம், அது எம் புள்ள."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றார்.

எல்லைக்காளி கோயில் புளியமரத்தடியில் பாய் விரித்திருந்தது. யாரையும் அழைக்கவில்லை, வெட்டுப் போடாத குட்டிக்கு என்ன ஆகும் என்று பாண்டீஸ்வரி குழாயடியில் சொன்னதோடு சரி, ஆனாலும் காலனி முழுக்க வந்திருந்தது. முழுக்காதுப் பிள்ளைகளை இடுப்பில் வைத்த தாய்மார்கள், ஒருவருக்குப் பின் ஒருவராக, கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பதுபோல நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வெற்றிலைபாக்குத் தட்டு இருந்தது. தாரிகாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். தாய்மாமன் சின்னமாயன், பாண்டீஸ்வரியின் அண்ணன், டிராக்டர் ஓட்டிக் காய்த்துப்போன கைகளால் அவளைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான். மகாலிங்க ஆசாரி இரண்டு மடலிலும் தங்கக் கம்பியைச் சட்டென்று குத்தி முறுக்கினார். பிள்ளை வீறிட்டது. மாமன் வாழைப்பழம் கொடுத்தான், தலையை ஆட்டிக் காட்டினான், அழுகை அடங்கியது. ஆசாரி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், எழுந்து இடம் விட்டார். அந்த இடத்தில் தவசி உட்கார்ந்தான்.

சின்னமாயன் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "மாப்ள, ரெண்டு காதுலயும் போட்டுவிட்டா என்னா? எந்தப் பக்கம்னு ஒரு கொழப்பமும் இல்லேல?"

"ரெண்டு காதும்னா அது குட்டி போடுறதுக்குன்னு வச்சிருக்கிறது மச்சான். ஒடம்பு தாங்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்."

சின்னமாயன் மருமகளை நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

தவசி சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தான், இடது என்று ஒன்று, வலது என்று ஒன்று. குலுக்குவதற்காக அவற்றைப் பாயில் போட்டான். பாண்டீஸ்வரி இரண்டையும் பொறுக்கிக் கசக்கி, பொங்கல் வைத்திருந்த அடுப்பில் போட்டாள்.

"எம் புள்ளைக்கு எதுக்குச் சீட்டு? எம் பக்கம் போடுங்க."

"பாண்டி, ஒம் பக்கத்துக்குத்தான் கெட்டது குடுக்குறாங்கன்னா?"

"குடுக்கட்டும். அவளுக்குக் குடுக்குறது எனக்கும் வரும்ல? என்னா எழவா இருந்தாலும் என் ஒடம்புல தெரிஞ்சிரும், நா பாத்துக்கிருவேன். உங்க பக்கம் போட்டுட்டு, அவளுக்கு என்னா ஆகுதுன்னே தெரியாம நா அடுப்படில நின்னுக்கிட்டு இருக்கணுமா?"

தவசிக்கு அது வலித்தது. இந்த வீட்டில் இனி அவன் ஒருவன் மட்டும் அந்தப் பக்கம். ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் வெட்டிய காதுகளில் எதையும் எந்தத் தாயும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை, தாய்க்கூண்டை அடுத்த அறைக்கு நகர்த்திய பிறகுதான் தொடங்குவது வழக்கம். இப்போது தாய் அவன் முட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், அவள் மூச்சு அவன் கையில் பட்டது. அவன் மகளின் வலது காதை இரண்டு விரலால் பிடித்தான். காது சூடாக இருந்தது. அந்த நேரத்தில் கோயில் முழுக்க, மரத்தடி முழுக்க, வரிசையில் நின்ற பிள்ளைகள் உட்பட, எல்லாச் சத்தமும் நின்றது. முகங்கள் லேசாக மேலே தூக்கின.

வெற்றிலைக் காம்பு முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. பிள்ளை முதலில் அப்பாவைப் பார்த்தது, அப்புறம்தான் அழுதது.

கை தன் வேலையை அறிந்த கையாகத் தானே நகர்ந்தது. எலி வீட்டில் வெட்டிய துணுக்கை வீசிவிடுவதில்லை, மூடிபோட்ட சின்னக் குழாயில் இட்டு மாடிக்கு அனுப்ப வேண்டும். குட்டி எதைக் கொண்டு பிறந்திருக்கிறது, எதைத் தாங்கும், எதில் சாகும் என்பதையெல்லாம் அந்த எள்ளளவு தோலிலிருந்துதான் மேலே படித்துக்கொள்வார்கள். தவசியின் இடது கை சட்டைப் பைக்குள் போய், இல்லாத குழாயைத் தேடியது. கருவியின் வாயில் ஒட்டியிருந்த துணுக்கோடு வலது கை நீண்டபடி இருந்தது, யாரோ வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

பாண்டீஸ்வரி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். கருவியின் வாயிலிருந்து அந்தத் துணுக்கைச் சுண்டுவிரலால் ஒற்றி எடுத்து, தன் வாயில் போட்டு, விழுங்கினாள். பிறகு அழுகிற பிள்ளையை அண்ணன் மடியிலிருந்து வாங்கி, ரவிக்கையைத் தளர்த்திப் பால் கொடுத்தபடியே, ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்த அந்த மேல் பக்கத்தைத் தானும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி இவளப் பத்தி என்னா தெரியணும்னாலும் எங்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றாள்.